ஜூன் முதல் வாரம் எந்த மலை ஏறலாம்? கடலூரிலிருந்து ஒரு ஒப்பீடு

கடலூர்க்காரர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிப்பதும், மாடியில் கிடக்கும் பொருளை எல்லாம் கீழே இறக்குவதும் அப்போதுதான். வைகாசியில் மழையின் ஞாபகமே நமக்கு வராது. கத்திரி முடிந்தும் வெயில் இறங்காது. மத்தியானம் கடற்காற்று எட்டிப் பார்த்தால்தான் மூச்சு விட முடியும். பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருக்கும்போது, "எங்கயாவது மலைக்குப் போய்ட்டு வந்துடலாமே" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பும்.

அதே வாரத்தில்தான் மேற்கே தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. இங்கே சட்டை நனைய வியர்க்கும்போது அங்கே மண் ஊறிக்கொண்டிருக்கும். நாம் கிளம்பும்போது தலைக்கு மேல் நீலவானம் இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

எங்கள் வீட்டில் இந்த வருடம் ஏழு பேர். நான், மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தொடும் அம்மா, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து அக்காவும் மாமாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி, குளிர் அதிகமானால் வீசிங். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று இருக்கிறது. நான்கு நாள் கிடைக்கும். மாமா ஊட்டியை விட்டு அசையவில்லை: "மச்சான், மலைன்னா ஊட்டிதான், மத்ததெல்லாம் மேடு." அக்காவுக்குக் கொடைக்கானல். என் மனைவிக்கு வால்பாறை. அம்மா மட்டும், "எங்கயா இருந்தாலும் எனக்குச் சரி. ராத்திரில மலை ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்றார். இரண்டு வாரம் நான் விசாரித்து, வரைபடம் பார்த்து, பழைய பயணங்களை நினைத்துப் பார்த்து முடித்தபோது, அம்மா சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயமாக நின்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மலை எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது

ஊரின் பெயரை வைத்து மலையைத் தேர்ந்தெடுப்பது கோடையில் சரி. ஜூனில் பார்க்க வேண்டியது, அந்த மலை காற்றுக்கு எதிரே நிற்கிறதா, முதுகு காட்டி நிற்கிறதா என்பதை. தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, சுமையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதனிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

நீலகிரி ஒரே மாவட்டம், ஆனால் ஜூனில் அது இரண்டு ஊர். தேவாலா, பந்தலூர், கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் காற்றின் வாயில் இருக்கின்றன. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிற கோத்தகிரிக்கு அந்த மலையே ஒரு சுவர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. செ.மீ. என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர். 20 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி அறுபத்தேழை ஒரு ஏக்கர் சரிவில் கவிழ்த்த மாதிரி. அதைப் போல நான்கு மடங்கு அங்கே ஒரு நாளில் இறங்கியிருக்கிறது.

சேர்வராயன் (ஏற்காடு இருக்கிற மலை), கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாது எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி. அங்கேயும் ஜூனில் மழை உண்டு, ஆனால் அதன் சுபாவம் வேறு. காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு மேல் இடியோடு ஒரு மணி நேரம் விளாசிவிட்டு ஓய்ந்துவிடும். மேற்கு மலையில் அப்படி நேரம் காலம் கிடையாது. தூறலாகவோ அடைமழையாகவோ நாள் கணக்கில் நின்று பெய்யும், மண்ணுக்கு வடிய அவகாசம் கிடைக்காது.

ஆகவே ஆபத்தின் வகையும் வேறு. மேற்கில் பயப்பட வேண்டியது மண் சரிவுக்கும், வேர் பிடி தளர்ந்து விழும் மரத்துக்கும். கிழக்கில் மின்னலுக்கும், ஓடையில் திடீரென்று வரும் வெள்ளத்துக்கும். மின்னலிடமிருந்தும் ஓடையிடமிருந்தும் நாம் ஒதுங்கிக்கொள்ள முடியும்: மூன்று மணிக்குள் அறைக்குத் திரும்பினால் போதும், ஓடையில் இறங்காமல் இருந்தால் போதும். மண் சரிவுக்கு அப்படி ஒதுங்க நேரம் கிடைக்காது. சிறு பிள்ளைகளும் முழங்கால் வலிக்கிற அம்மாவும் கூட வரும்போது, நம் கையில் கொஞ்சமாவது பிடி இருக்கிற ஆபத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வால்பாறையும் மூணாறும்

இதை முதலில் முடித்துவிடுகிறேன். மனைவி கேட்டது வால்பாறை, ஆசையில் குற்றமில்லை. முதல் மழை பெய்த தேயிலைச் சரிவின் பச்சையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற அந்த ஊர் தென்மேற்குப் பருவத்தின் நேர்முகத்தில் இருக்கிறது. சில வருடம் முன்பு ஜூன் நடுவில் நண்பர்களோடு போனபோது, திரும்பும் வழியில் ஒரு மரம் குறுக்கே விழுந்து ஐந்து மணி நேரம் வளைவில் நின்றோம். முன்னே பேருந்து, பின்னே லாரி. இளைஞர்களாக இருந்தோம், கையில் கடலை மிட்டாய் இருந்தது, சமாளித்தோம். அம்மாவையும் ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த ஐந்து மணி நேரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜனவரியில் அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூணாறும் இதே கணக்குதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள். பருவம் தொடங்கும் ஜூனில் அந்த அளவு ஊறல் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பருவம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதே நம் கையில் இல்லை. கேரளத்தில் இயல்பாகத் தொடங்கும் நாள் ஜூன் 1. 2023இல் ஜூன் 8 ஆனது, 2024இல் மே 30, 2025இல் மே 24. மூன்று வருடத்தில் இரண்டு வாரம் முன்பின். ஏப்ரலில் அறை போட்டுவிட்டு "அதுக்குள்ள மழை வராது" என்று சொல்ல யாராலும் முடியாது.

ஊட்டியா, கோத்தகிரியா

மாமாவிடம் நான் எடுத்து வைத்தது 2025 மே கடைசி வாரம். பருவம் முன்கூட்டியே இறங்கியது, நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. மே 25 அன்று ஊட்டி-கூடலூர் சாலையில் எட்டாவது மைல் பகுதியில், குடும்பத்தோடு சுற்றுலா வந்த பதினைந்து வயதுக் கேரளச் சிறுவன் மேல் மரம் விழுந்து உயிர் போனது. மரத்தடியில் நின்று படம் எடுப்பதும், மழைக்கு ஒதுங்குவதும் நாம் எல்லோரும் செய்கிற காரியம். யூக்கலிப்டஸ் போன்ற உயர்ந்த மரங்கள் ஊறிய மண்ணில், காற்று தள்ளும்போது, வேரோடு சாய்கின்றன. அந்தச் செய்தியைச் சொன்ன பிறகு மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஊட்டியின் வசதிகளை மறுக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது, தங்க நூறு இடம், மழை பெய்தாலும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட உணவகங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் இருக்கிறது. 46 கி.மீ. பாதை, 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் ஓடத் தொடங்கியது, 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் விழுந்து ரயில் ரத்தாவது வழக்கம். பிள்ளைகளுக்கு ரயிலைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, காலையில் "இன்னைக்கு இல்ல" என்று சொல்ல வேண்டி வரலாம்.

நீலகிரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு என் பதில் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ., கிழக்குப் பக்கம், கூட்டம் குறைவு, ஊட்டியை விடக் குளிர் கொஞ்சம் மிதம். கோடநாடு காட்சிமுனைக்குக் காலையில் போனால் கீழே சமவெளி தெரியும். ஆனால் கோத்தகிரிக்கு மழைக்காலம் ஐப்பசியில் வருகிறது, அப்போது இந்தச் சுவர் உதவாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கிய சரிவுகள் வடகிழக்குப் பருவத்தில் நடந்தவை.

கோத்தகிரி சாலையில்தான் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். ஏழெட்டு வருடம் இருக்கும், வாடகை வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தோம். மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. வளைவு ஒன்றில் பாறை மேலிருந்து சிறு ஓடை ஒன்று சாலையோரம் வழிகிறது. ஏறும்போது அதே இடத்தில் நிறுத்தி, தெளிந்த அந்தத் தண்ணீரில் முகம் கழுவியிருந்தோம். ஓட்டுநர் இருபது அடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார். "பாருங்க சார், தண்ணி நெறம் மாறிடுச்சு." பார்த்தேன். பால் கூடிப்போன டீ நிறத்தில், சிறு கற்களை உருட்டிக்கொண்டு வந்தது. "மேல எங்கயோ மண்ணு விட்டிருக்கு. கொஞ்சம் இருந்து போவோம்." வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து, சரிவு இல்லாத திறந்த இடத்தில் நிறுத்தினார். இருபது நிமிடத்தில் தலையளவு கற்கள் நான்கைந்து, பிடுங்கின செடியோடு, அந்த வளைவில் வந்து விழுந்தன. பெரிய சரிவு இல்லை. நாங்கள் அங்கே இருந்திருந்தால் எங்களுக்குப் போதுமான சரிவு.

கடலூரில் வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெண்ணையாற்றில் தண்ணீர் செந்நிறமாக வந்தால், ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், "மேல பேஞ்சிருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். துணி துவைக்கிறவர்கள் கரையேறிவிடுவார்கள். விருத்தாசலத்தில் மணிமுத்தாறு கலங்கினால் கல்வராயனில் மழை என்று அர்த்தம். வசிஷ்ட நதி, சுவேத நதி, கோமுகி, மணிமுத்தாறு எல்லாம் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிற வரைக்கும், அந்த மலைகளின் சேதியை நமக்குக் கொண்டு வருவது தண்ணீரின் நிறம்தான். ஆற்றங்கரையில் தெரிந்து வைத்திருந்ததை மலைமேல் ஏறியதும் மறந்துவிட்டேன். இப்போது பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: ஓடை கலங்கினாலும் தண்ணீர் சட்டென்று கூடினாலும் குறைந்தாலும், கரையேறு, அப்பாவைக் கூப்பிடு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அருவியில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மேலே பெய்கிற மழை கண்ணில் படாது.

கொடைக்கானல்

அக்காவின் கட்சிக்குப் பலம் உண்டு. பழனி மலைக்கு மேற்கே ஆனைமலையும் மூணாறுப் பக்கத்து உயர்ந்த மலைகளும் நின்று முதல் அடியை வாங்கிக்கொள்கின்றன. கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். ஜூனில் சாரல், காற்று, மூடுபனி. ஏரியைச் சுற்றி 5 கி.மீ. சமதளச் சாலை என்பதால் அம்மா பாதி தூரம் நடந்து, மீதி நேரம் உட்கார்ந்திருக்கலாம். தூண் பாறையைப் பார்க்கப் போனால் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளை மட்டும் தெரியலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

என்னை யோசிக்க வைத்தது தூரம். கடலூரிலிருந்து 350 கி.மீ.யை ஒட்டி வரும். அதில் வத்தலகுண்டிலிருந்து மேலே ஐம்பது கி.மீ.க்கு மேல் மலைச்சாலை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினாலும், ஏழு பேரோடு, டீக்கும் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் நிறுத்தி, மலை அடிவாரத்தைத் தொடும்போது மத்தியானம் தாண்டிவிடும். கொஞ்சம் தாமதமானால் இருட்டில் ஏற வேண்டும், அம்மாவின் ஒரே நிபந்தனை உடையும். ரயில் ஒரு வழி: விழுப்புரத்திலோ விருத்தாசலத்திலோ இரவு ஏறினால் விடியலில் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து வாடகை வண்டியில் 80 கி.மீ., வெளிச்சத்தில், மலையைத் தினம் ஓட்டுகிறவர் கையில். ஐந்து நாள் கிடைத்தால் இதைத்தான் செய்வேன். எங்களுக்கு நான்கு நாள், பயணத்துக்கே இரண்டு போய்விடும்.

இ-பாஸ் சங்கதியும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் சீசன் நாட்களில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கிளம்பும் வாரத்தில் நிலவரம் என்ன என்று பார்த்து, அறைக்கு முன்பணம் கட்டும் முன் பாஸ் எடுத்துவிட வேண்டும்.

ஏற்காடு, பக்கத்தில் கல்வராயன்

கல்வராயன் நமக்கு எல்லாவற்றிலும் பக்கம். கள்ளக்குறிச்சி தாண்டினால் மலை தெரியும். வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று ஒரு நாள் போதும். ஆனால் தங்கும் இடம் குறைவு, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கீழே கள்ளக்குறிச்சிக்குத்தான் ஓட வேண்டும். காலையில் ஏறி மூன்று மணிக்குள் இறங்குகிற பயணத்துக்கு நல்லது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி; அம்மாவுக்கு ஆகாது. ஏலகிரி 14 வளைவு, சாதுவான மலை, உயரம் 1,100 மீட்டரை ஒட்டித்தான் என்பதால் வெயிலிலிருந்து தப்பி வந்தவருக்குக் குளிர் போதாது.

ஏற்காடு 1,500 மீட்டர். சேலம் அஸ்தம்பட்டி வழியாக 20 கொண்டை ஊசி. கடலூரிலிருந்து சேலம் 200 கி.மீ. வாக்கில்: வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று தெரிந்த ஊர்கள் வழியே. புதுச்சேரிக்காரர்களுக்கு விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழி. நான்கு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் மலைமேல் இருக்கலாம். மாலை இடிமழை திரள இன்னும் ஐந்து மணி நேரம் பாக்கி.

என்னை ஏற்காட்டின் பக்கம் சாய்த்தது அதன் அழகு இல்லை. அழகில் கொடைக்கானல் ஒரு படி மேல் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். சாய்த்தது இரண்டு விஷயம். ஒன்று, இறங்க இரண்டு வழி உண்டு. பிரதான சாலையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக இறங்கலாம். சாலை குறுகல், ஆனால் ஆத்தூர் பக்கம் திரும்ப வேண்டிய நமக்கு அயோத்தியாப்பட்டணத்தில் கொண்டுவந்து விடும். ஒரே வழி உள்ள மலையில் அந்த வழி அடைத்தால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். இரண்டு, சேலத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றரை மணி நேரத்துக்குள். அம்மாவுக்கு வீசிங் வந்தால் என் மனம் எண்ணும் கணக்கு அதுதான்.

குறையும் உண்டு. கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகள் மழையில் வழுக்கும். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி வெட்டவெளி, பகோடா முனை வெட்டவெளி. காலை வேளையில் போய்விட வேண்டும், இடி சத்தம் காதில் விழுந்தால் அங்கே ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. மின்னல் விழும் வாய்ப்பைச் சொல்கிற தாமினி செயலியை மாமாவின் போனிலும் என் போனிலும் போட்டிருக்கிறேன். கூடவே தமிழக அரசின் வானிலை எச்சரிக்கைச் செயலியான டிஎன்-அலர்ட்.

இன்னொன்றை நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்காடு ஜூனில் எனக்குச் சரி என்பதால் தீபாவளி விடுமுறைக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது கணக்கு அப்படியே தலைகீழ். வங்கக்கடல் புயல் நம்மைத் தாண்டி நேரே இந்தக் கிழக்கு மலைகளில்தான் போய் மோதுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டை மூடி ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் கன அடிக்கும் மேல் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரின் கரையோர ஊர்களை மூழ்கடித்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

அறையின் பின்பக்கம்

மலையைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் பாதி வேலைதான் முடிந்தது. தங்கும் கட்டடம் நிற்கிற இடம் மீதிப் பாதி. முன்பு ஒரு மலையூரில் இணையத்தில் படம் பார்த்து அறை போட்டோம். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி, படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் செங்குத்தாக வெட்டின மண் சுவர், எங்கள் கூரையை விட உயரம். வேர்கள் தொங்கின, மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. முன்பக்க அறைக்கு மாற்றித் தரச் சொன்னோம், முடியாது என்றார்கள். முன்பணத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடினோம். ஆறாயிரம் ரூபாய். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

மலை சரிவதன் சூட்சுமம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. சரிவை வெட்டித் தளம் எடுக்கும்போது மேலே உள்ள மண்ணுக்கு இருந்த முட்டு போய்விடுகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற பாறையைத் தொட்டதும் போக வழியில்லாமல் தேங்கி, மண்ணையும் பாறையையும் பிரித்துவிடுகிறது. பிறகு எடை தாங்காமல் எல்லாம் ஒன்றாக வழுக்கிக் கீழே வருகிறது. தரையில் புது விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகும் கதவு, இல்லாத இடத்தில் ஊற்று: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பெட்டியைக்கூட எடுக்காமல் வெளியேற வேண்டும்.

அதனால் இந்த முறை விடுதிக்காரரிடம் நான் கேட்டது கட்டடத்தின் பின்பக்கப் படம். முதல் இரண்டு பேர் அனுப்பவில்லை. மூன்றாமவர் நடந்துகொண்டே வீடியோ எடுத்து அனுப்பினார்: பின்னால் காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் உள்ள சாய்வான தோட்டம், மரங்கள் தள்ளி நிற்கின்றன, பக்கத்தில் ஓடை இல்லை. அவரிடமே போட்டோம். மழை எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், தேதி மாற்றித் தந்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

வண்டியும் பையும்

கடலோர வண்டிக்கு ஒரு தனிக் குறை உண்டு. உப்புக்காற்று பிரேக்கைத் தின்னும். வைப்பர் ரப்பர் ஜனவரிக்குப் பிறகு ஒரு நாள்கூட ஓடாமல் வெயிலில் காய்ந்து மொரமொரத்திருக்கும். மலையில் முதல் மழையில் அது கண்ணாடியைத் துடைக்காது, கோடு போடும். கிளம்பும் வாரம் புது ரப்பர் மாட்டி, பிரேக்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி, டயர் காடி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் போக வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ராத்திரி ஏன் கூடாது என்று அம்மாவிடம் கேட்டேன். "பள்ளம் தெரியாதுடா" என்றார். ஓடையின் நிறமும் தெரியாது. சாலையில் விழுந்த கல் வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும். மாட்டிக்கொண்டால் உதவிக்கு ஆள் வராது. ஐந்து மணிக்குப் பிறகு மலைச்சாலையில் இருப்பதில்லை என்று மாமாவும் நானும் பேசி முடித்துவிட்டோம்.

பையில் ரொக்கம் மூவாயிரம், சில்லறையாக. மின்சாரம் போய் டவர் படுத்தால் ஜிபே வேலை செய்யாது. அம்மாவின் இன்ஹேலர் இரண்டு, ஒன்று கைப்பையில் ஒன்று வண்டியில். டார்ச், பவர் பேங்க், ஒரு நாளுக்கான பிஸ்கட்டும் தண்ணீரும், ஒரு ஜோடி காய்ந்த உடை பாலிதீன் உறையில். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, ஆம்புலன்ஸ் 108 இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். போன் அணைந்துபோனாலும் பக்கத்தில் இருப்பவர் போனில் அழைக்கலாம்.

வானிலை எச்சரிக்கையை இப்படி வைத்துக்கொண்டோம். வானிலை மையக் கணக்கில் கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. சேலம் மாவட்டத்துக்கு மஞ்சள் என்றால் போகிறோம், வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொள்கிறோம். ஆரஞ்சு என்றால் தேதி மாற்றம். மேலே இருக்கும்போது ஆரஞ்சு வந்தால் மறுநாள் காலை வெளிச்சத்தில் இறங்குகிறோம், மிச்ச நாள் சேலத்தில். சிவப்பு என்றால் பேச்சே இல்லை.

கடைசியில் ஏற்காடு என்று முடிவானது. மாமா முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. "வர்ற தை மாசம் ஊட்டிக்கு நீதான்டா கூட்டிட்டுப் போவணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டார். திங்கள் மாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செவ்வாய் விடியலில் கிளம்புவதாக இருக்கிறோம். லாஸ்பேட்டையிலிருந்து அக்காவும் மாமாவும் திங்கள் இரவே கடலூர் மஞ்சக்குப்பம் வந்துவிடுவார்கள். அம்மா இப்போதே பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து மாடியில் வெயிலில் காயப் போட்டிருக்கிறார்.